டேங்கை இடம் மாற்றும் முறை

1.

இந்தக் கதை ஒரு துண்டுச்சீட்டாகத்தான் ஆரம்பித்தது. படகுப் பட்டறையில் கொடுப்பதற்காக எழுதினேன். படகில் என்ன கோளாறு, என்ன வேலை செய்ய வேண்டும் என்று இரண்டு வரி. எழுதி முடித்தபோது நான்கு பக்கம் ஆகியிருந்தது.

பட்டறைக்காரர் முதல் பக்கத்தைப் பாதிவரை படித்தார். அவருக்கு இடது கண் பாதிதான் திறக்கும். வெல்டிங் வெளிச்சம் செய்த வேலை. எல்லோரும் அவரை அரைக்கண் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் முன்னாலேயே.

"தம்பி, படகுல என்ன பிரச்சினைன்னு கேட்டேன். நீங்க வாழ்க்கையில என்ன பிரச்சினைன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நான்கு பக்கமும் இதில் எங்கேயோ கலந்திருக்கின்றன. [எந்தப் பகுதி என்று கேட்காதீர்கள். எனக்கே பிரிக்க வராது.]

எண் போட்டு எழுதுவது தொழில் பழக்கம். தண்ணீர் மோட்டார், மிக்சி, துணி துவைக்கும் இயந்திரம், இவற்றோடு பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் வருமே, அதை எழுதுகிறவன் நான். யாரும் படிப்பதில்லை. கோளாறு வந்தால் மட்டும் தேடுவார்கள். அதற்குள் தொலைந்திருக்கும்.

2.

முதல் தொடக்கம்: "அந்த அலுமினியப் படகு பதினான்கு அடி நீளம்."

சரியான வாக்கியம். ஆனால் இதற்கு அடுத்து அகலம்தான் வரும். அகலத்துக்குப் பிறகு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

இரண்டாவது: "மனைவி இறந்து ஏழு மாதம் கழித்து அவன் படகை மூடியிருந்த தார்ப்பாயை—"

[அடித்துவிட்டேன். 'அவன்' என்று எழுதியதும் அவனுக்கு என்னைவிட நன்றாக அழ வருகிறது.]

மூன்றாவது: "படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். இது நடந்தது.

3.

படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

நான் முதல் முறையாகத் தனியாக ஓட்டிப் போன அன்று. ஏன் என்று சொல்ல, எது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். படகின் பின்புறத்தில் எஞ்சின் தொங்குகிறது. அதை ஒட்டி, பின்பலகைக்கு அடியில் பெட்ரோல் டேங்க். சிவப்பு பிளாஸ்டிக், இருபத்தைந்து லிட்டர். அதற்குப் பக்கத்தில் பேட்டரி. ஓட்டுகிறவரும் அதே பின்பலகையில்தான் உட்கார வேண்டும், எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஆக, கனம் முழுவதும் ஒரே கோடியில். முன்பலகையில் ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் படகு மட்டமாகிவிடும். உட்காராவிட்டால், வேகம் பிடித்ததும் மூக்கு தூக்கிக்கொள்ளும். எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குத் திருப்பும்.

முன்பலகையில் உட்கார்ந்திருந்த ஆள் நான்.

நீங்கள் வேறொன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள், முடி காற்றில் பறந்தது, இப்போது அந்த இடம் காலி. அப்படி இருந்திருந்தால் கதைக்கு வசதி. படகு அவளுடையது. அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. ஓட்டியது அவள். மீன் பிடித்தது அவள். பிடித்ததில் பாதியைத் திரும்பத் தண்ணீரில் விட்டதும் அவள். நான் எழுபத்தொரு கிலோ.

"மூட்டை ஏறியாச்சா?" என்பாள்.

"ஏறியாச்சு."

"மூட்டை கொஞ்சம் இடது பக்கம் நகரணும்."

நகர்வேன்.

எதிர்க்காற்றுக்கு முதுகைக் கொடுத்து, அவளைப் பார்த்தபடிதான் உட்காருவேன். அதனால் நான்கு வருடத்தில் அந்த ஏரியில் போன எந்த இடத்தையும் போய்ச் சேருவதற்கு முன் பார்த்ததில்லை. அவள் முகத்தில் பார்த்தேன். புருவம் சுருங்கினால் பாறை. கண் மேலே போனால் பறவைக் கூட்டம். வாய் லேசாகத் திறந்தால் கரை நெருங்குகிறது, வேகத்தைக் குறைக்கப் போகிறாள். காலை நேரத்தில் தண்ணீரிலிருந்து எழும்பும் வெளிச்சம் அவள் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருக்கும். அந்த முகத்துக்குள் ஒரு ஏரி இருந்தது, அந்த ஏரியில்—

[நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியம் தானாகவே நீந்திப் போகப் பார்த்தது.]

4.

அவளைப் பற்றி இந்தக் கதைக்குத் தேவையானது: பதினொரு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரி. பன்னிரண்டாவது நாள் அவளுக்கு வரவில்லை. படகுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீர் ஒரு தப்பும் செய்யவில்லை.

குறிப்பு: அவளைக் கதாபாத்திரமாக்க மூன்று முறை முயன்றேன். ஒன்றில் எனக்கு அறிவுரை சொன்னாள். அவள் யாருக்கும் சொன்னதில்லை. இன்னொன்றில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கடைக்குப் போகும்போது பட்டியல்கூட எழுதாதவள். மூன்றாவதில் எஞ்சின் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள், அது கிளம்பவில்லை, அதன் பரம்பரையையே திட்டினாள். அது அவள்தான். ஆனால் கதைக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் வைத்துக்கொண்டேன், வெளியே காட்டாமல்.

[காட்டிவிட்டேன்.]

5.

ஞாயிறு மதியம் தூங்கினேன். வீடு மிதந்தது.

கனவை எழுதினால் வாசகர்கள் பக்கத்தைத் தள்ளுவார்கள் என்று தெரியும். இது சின்னதுதான். சுவர்கள் எல்லாம் தகரம். சமையலறை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, வாசல் பக்கம் மேலே போய்க்கொண்டிருந்தது. பாத்திரங்கள் ஓசையில்லாமல் சரிந்தன. நான் வாசலுக்கு ஓடினேன், வீடு மட்டமாயிற்று. தாகம் எடுத்தது. சமையலறைக்குப் போனால் வாசல் தூக்கிக்கொண்டது. தண்ணீர் குடிக்காமல் வாசலிலேயே நின்றேன். ஜன்னல்களுக்கு வெளியே மீன்கள் நிதானமாகப் போயின, ஆபீஸ் போகிறவர்களைப் போல. யாரோ ஒருவர் கொஞ்சம் இடது பக்கம் என்றார். நான் நகர்ந்தேன்.

எழுந்ததும், கனத்தை முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று புரிந்தது. எஞ்சினை நகர்த்த முடியாது. என்னை நகர்த்த முடியாது. டேங்கை நகர்த்தலாம்.

6.

இங்கே கொஞ்சம் செய்முறை வருகிறது.

டேங்கைப் பின்பலகைக்கு அடியிலிருந்து எடுத்து மூக்கில், முன்பலகைக்கும் முன்னால் இருக்கும் முக்கோண இடத்தில் வைத்தேன். கயிற்றால் கட்டினேன். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் இப்போது எட்டவில்லை. கடையில் அதே அகலத்தில் நீளமாக ஒன்று வாங்கிப் பொருத்தினேன். குழாயின் நடுவே கைக்கு அடங்குகிற ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அதைப் பிசைந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். பிசைந்தேன். கயிற்றை இழுத்தேன். கிளம்பியது.

படகு மட்டமாக ஓடியது.

முதல் முறையாக அந்த ஏரியை நேராகப் பார்த்தேன். பெரியதாக இருந்தது. அக்கரை மரங்கள் பனியில் பாதி வரைந்து விட்டதுபோல் நின்றன. தண்ணீர் எண்ணெயைப் போல விலகி வழி விட்டது. சத்தம் இருந்தது, ஆனால் தூரத்தில் வேறு யாருடைய எஞ்சினோ ஓடுவதுபோல் இருந்தது. என் முன்னால் முன்பலகை, அதற்கு முன்னால் சிவப்பு டேங்க். என் இடத்தில் ஒரு டேங்க். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. என்னைவிட அசையாமல்.

ஏரியின் நடுவில் எஞ்சின் இருமியது. இரண்டு முறை. நின்றுவிட்டது.

[காரணம் பிறகு தெரிந்தது. குழாய் நீளமானால் அகலமும் கூட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் இழுக்கும் வேகத்துக்குப் பெட்ரோல் வந்து சேராது.]

குமிழைப் பிசைந்திருந்தால் போதும். தெரியும். நானே எத்தனையோ 'கோளாறும் தீர்வும்' பட்டியல் எழுதியிருக்கிறேன். கை எட்டும் தூரத்தில் கிடந்தது. பிசையவில்லை.

படகு மெதுவாகத் தன்னைத்தானே சுற்றியது. மரங்கள் சுற்றின. மேகம் ஒன்று படகின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. பசிக்கவில்லை. பயமில்லை. எவ்வளவு நேரம் என்று கதையில் எழுத வேண்டும். எனக்குத் தெரியாது. பிறகு ஏதோ ஒரு கணத்தில் கை போய்க் குமிழைப் பிசைந்தது. ஏன் அந்தக் கணம் என்று கேட்டால், கால் மரத்துப் போயிருந்தது. அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் மூக்கு மறுபடியும் தூக்கிக்கொண்டது. போன தூரத்துக்குப் பெட்ரோல் தீர்ந்திருந்தது. கனமும் தீர்ந்திருந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. கல்லூரியில் இயற்பியல் படித்தவன்.

7.

எவ்வளவு நேரம் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

மாமா என்றால் அவளுடைய அப்பா. பஸ் டிப்போவில் வண்டிகள் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் குறிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்திருக்கிறார், பூட்டியிருக்கிறது, படகு வைக்கும் தள்ளுவண்டியைக் காணோம். நேராக ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். படகு நின்றதையும் நான் அதில் உட்கார்ந்திருந்ததையும் கரையிலிருந்து பார்த்திருக்கிறார். கூப்பிட்டால் கேட்கிற தூரமில்லை.

"எஞ்சின் நின்னுபோச்சா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

"எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னு தெரியலியா?"

"தெரியும்."

அவர் கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்தார். தண்ணீரில் கால் படாமல், எட்டி நின்றே இழுத்தார்.

"ஒன்னே முக்கால் மணி நேரம்" என்றார்.

தள்ளுவண்டியில் படகை ஏற்றும்போது அவர் கை நடுங்கியதை எழுதலாமா என்று யோசித்தேன். நடுங்கியது உண்மை. ஆனால் வயதானவர்களின் கையைக் கதையில் நடுங்கவிடுவது சுலபம். அவர் கை நடுங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார். வலது காலில் இடது. அப்படியே பஸ் ஏறிப் போனார்.

8.

மறுநாள்தான் பட்டறை. துண்டுச்சீட்டு. அரைக்கண் அதைத் திருப்பிக் கொடுத்ததும் நான் வாயால் சொன்னேன். அவர் படகைச் சுற்றி வந்தார். மூக்கில் கட்டியிருந்த டேங்கைப் பார்த்தார். முடிச்சைத் தொட்டார்.

"இது யாரு பண்ணது?"

"நான்தான்."

"டேங்க் ஓடிப்போயிடும்னு கட்டினீங்களா?"

அப்போது மாமா உள்ளே வந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. நான் எங்கே போவேன் என்று அவரே கணக்குப் போட்டு வந்திருக்கிறார்.

"இவருக்கு இந்த வேலையப் பண்ணிக் குடுக்காதீங்க" என்றார் அரைக்கண்ணிடம்.

"நீங்க யாருங்க?"

"மாமனார்."

"அப்ப சரி" என்று அரைக்கண் ஒரு கவிழ்த்த வாளியை அவர் உட்காரத் தள்ளினார்.

மாமா உட்காரவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார். "மாப்பிள்ளை, ஒத்த ஆளு போற மாதிரி இதைப் பண்ணிட்டீங்கன்னா, ஒரு நாள் போவீங்க, வர மாட்டீங்க."

"அப்படியெல்லாம் நான் நினைக்கல மாமா."

"நினைச்சிருந்தீங்கன்னா உங்ககூடச் சண்டை போடலாம். நீங்க எதையுமே நினைக்கலியே. சும்மா உக்காந்திருந்தீங்க."

சரியாகத்தான் பார்த்திருக்கிறார், அவ்வளவு தூரத்திலிருந்து.

அரைக்கண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படகிடம் பேசுவதுபோல் ஆரம்பித்தார். "பெட்ரோல எடைன்னு நம்பக் கூடாது தம்பி. போறப்ப இருக்கும், வர்றப்ப இருக்காது. டேங்க் நடுவுல இருக்கணும். இந்த நடுப்பலகைக்கு முன்னாடி, தரையில, பட்டை போட்டு இறுக்கணும். பலகைக்குள்ள நுரை அடைச்சிருக்கு, அதைத் தொட்டுடாதீங்க. படகு கவுந்தா அதுதான் மிதக்க வைக்கும். டேங்க் நடுவுல இருந்தா எவ்வளவு தீர்ந்தாலும் படகுக்குத் தெரியாது. மூக்குல தீராத சாமான்தான் வைக்கணும்."

"தீராத சாமான்னா?"

"பேட்டரி. இல்லாட்டி ஆளு."

"ஆளும் தீர்ந்துபோகும் அண்ணே" என்றேன்.

அரைக்கண் நல்ல கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு ட்ரிப்புக்குள்ள தீராது" என்றார்.

[இங்கே அரைக்கண் அளவுக்கு மீறிப் புத்திசாலியாகிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையில் இதையெல்லாம் சொல்லும்போது வாயில் பன் இருந்தது. பாதி நேரம் என்னை வேறு யாரோ ஒரு நீலப் படகுக்காரர் என்று நினைத்துக்கொண்டு, 'உங்க தம்பி எப்ப வெளிநாட்டுல இருந்து வர்றாப்ல' என்று கேட்டார். எனக்குத் தம்பி இல்லை.]

"அப்ப நான் உக்கார்றேன்" என்றார் மாமா.

"எங்க?"

"முன்னாடி. ஆளுதான வேணும்."

பட்டறை மூலையில் பழைய அலுமினியம் நிறுக்கும் தராசு இருந்தது. அரைக்கண் அதைக் காட்டினார். மாமா ஏறி நின்றார். முள் ஆடி நின்றது.

"நாப்பத்தொம்பது" என்றார் அரைக்கண். "செருப்பக் கழட்டுங்க."

"கழட்டினா இன்னும் குறையும்யா."

"அதுக்குத்தான் சொல்றேன். உண்மையான கணக்கு வேணாமா?"

மாமா கழற்றவில்லை. தராசின் மேல் நின்றபடியே, எங்கள் இருவரையும் பார்க்காமல், சுவரில் தொங்கிய பழைய துடுப்பைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னா பயம். அவளுக்கு வாங்கிக் குடுத்தேனே தவிர, இதுல ஒரு நாளும் கால் வச்சதில்ல. வா வான்னு கூப்பிடுவா. அடுத்த வாரம் அடுத்த வாரம்னே சொல்லிட்டேன்."

வெளியே யாரோ ஒரு தகரத்தை இழுத்துப் போனார்கள்.

"நாப்பத்தொம்பது போதும்" என்றார் அரைக்கண். "டேங்க்கும் பேட்டரியும் நடுவுக்கு வந்துட்டா, முன்னாடி நாப்பத்தொம்பது தாராளம். ஆனா ஒண்ணு. ஒத்தையா போறதுன்னா பேட்டரிய மூக்குல போல்ட் போட்டு இறுக்கணும். இறுக்கிட்டா அங்க ஆளு கால் வைக்க இடம் இருக்காது. ஒண்ணு பேட்டரி, இல்ல மாமா. ரெண்டும் கிடையாது. இப்பவே சொல்ல வேணாம். ஓட்டை போட்டுட்டா அலுமினியத்துல மறுபடி அடைக்கிறது அசிங்கமா இருக்கும்."

அன்று டேங்கை மட்டும் நடுவில் வைத்து, அகலமான குழாய் போட்டு, பட்டையால் இறுக்கினார். பேட்டரியை இறுக்காமல் விட்டார்.

9.

முடிவுகள்.

அ) பேட்டரி. மூக்கில் நான்கு துளை, நான்கு போல்ட். படகு மட்டமாக ஓடுகிறது, போகும்போதும் வரும்போதும். கோளாறு இல்லாத கதை. கரையில் மாமா நிற்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். இதை எழுதிப் பார்த்தேன். ஏரி நடுவில் வந்ததும் என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்துவிட்டன. மேகம் மறுபடி அடியில் புகுந்தது. குமிழைப் பிசையும் வாக்கியம் மட்டும் வரவே இல்லை. எத்தனை முறை எழுதினாலும் வரவில்லை. பயந்துபோய்ப் பேனாவை மூடினேன். ஏழு மாதத்தில் நான் பயந்தது அது முதல் தடவை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஆ) படகை விற்றுவிடுவது. நீலப் படகுக்காரரின் தம்பி வாங்கிக்கொள்கிறார். மாமாவுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதி என்று எழுதினேன். பொய் எழுதினால் எனக்கு எழுத்து சாய்ந்து போகும். சாய்ந்தது.

இ) மாமா முன்பலகையில். இதில்தான் சிக்கல். அவர் வந்து உட்கார்ந்து, அலை தெறித்து, இருவரும் அவளை நினைத்துச் சிரித்து— [இல்லை. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை, நானும் இல்லை.] பயப்படுகிறவரைப் படகில் ஏற்றுவது என் மருந்துக்கு இன்னொருவரைப் பத்தியம் இருக்கச் சொல்வது. அவர் எனக்காக எடையாக வர வேண்டியதில்லை. நான் எடையாக இருந்திருக்கிறேன், அது சும்மா உட்காருகிற வேலை இல்லை. ஓட்டுகிறவரை நம்ப வேண்டும். அவள் ஓட்டினாள், நம்பினேன். நான் ஓட்டினால் என்னை நம்ப என்ன இருக்கிறது?

இதை நான் மாமாவிடம் போனில் கேட்டேன். கதைக்காக இல்லை.

"நம்பிக்கையெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை" என்றார். "நான் உள்ள உக்காந்திருந்தா நீங்க எஞ்சின ஸ்டார்ட் பண்ணித்தானே ஆகணும்? எனக்கு நீச்சல் தெரியாதே."

பிறகு, "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வர்றேன். ஆறுன்னா ஆறு" என்று வைத்துவிட்டார்.

10.

இன்று சனிக்கிழமை. நாளை நடக்கப்போவதை இன்றே எழுதிப் பார்த்தேன். முன்கூட்டியே எழுதுவதுதான் என் தொழில்; பெட்டியைத் திறப்பதற்கு முன்பே புத்தகம் தயாராக இருக்கும்.

காலை. பனி இருக்கிறது, அக்கரை இல்லை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம், எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தெரியவில்லை. நான் முழங்கால் அளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாமா கால்சட்டையை மடித்துவிட்டிருக்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாக ஏரிக்குள் இறங்கி வருகிறார். குளிர்கிறது என்று சொல்லவில்லை. படகின் விளிம்பில் கை வைக்கிறார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கிறார். மறுகால் இன்னும் ஏரியின் சேற்றில். படகு லேசாக நகர்கிறது, அவர்

இங்கே நின்றுவிட்டது. மதியத்திலிருந்து அவர் அப்படியே நிற்கிறார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அதைவிட மோசமான நிலை படகில் கிடையாது. படகு நகர நகரக் கால்கள் அகலும். அந்தப் பழைய பஸ் டிப்போ முகத்தில் நேரம் குறிக்கிற பாவனை போய்விட்டது. என்னைத்தான் பார்க்கிறார். நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

வாக்கியத்தை எந்தப் பக்கமும் முடிக்க எனக்கு வரவில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் அவர் நின்றுகொண்டிருக்கிறார், அவரை அப்படி நிற்க விட முடியாது.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். கத்த வேண்டாம், தண்ணீர் அமைதியாக இருக்கிறது, கேட்கும். உள்ளே வைத்த காலைப் படகின் நடுவில், தரையில் வைக்கச் சொல்லுங்கள். விளிம்பில் சாய வேண்டாம். முதுகைக் குனிந்து, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளட்டும். வெளியே இருக்கும் காலை எடுப்பதா, உள்ளே இருக்கும் காலை எடுத்துக் கரைக்கே போய்விடுவதா, அதை அவரிடமே கேளுங்கள். எதுவாக இருந்தாலும் மெதுவாக.

என்னால் எழுத முடியாது. படகு ஆடுகிறது, பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.